புதுப்பிப்பு: அத்தை வீட்டுக்கு முதல் தவணை வந்தாச்சு

குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்டப் பணம் தரும் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் அத்தையின் பெயரைக் கிராம சபையில் வாசித்தும், வீட்டு வேலையைத் தொடங்குவதற்கான பணி ஆணை வரவில்லை என்று இரண்டு மாதம் முன்பு இங்கே புலம்பியிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சிக்கல் நிதியில் இல்லை, பட்டாவில். குடிசை இருக்கும் இடம் இன்னும் மறைந்த மாமா பெயரிலேயே கிடந்தது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவை மாற்றிய பிறகுதான் கோப்பு நகர்ந்தது. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் நாலு நடை மிச்சம்.

அப்புறம், ஒரு திருத்தம். இது மத்திய அரசுப் பணம் என்று அந்தப் பழைய பதிவில் எழுதியிருந்தேன், தவறு. இது மாநில அரசின் திட்டம். 2024-25 பட்ஜெட்டில் 1 லட்சம் வீடுகளுக்கு 3,500 கோடி ரூபாய் அறிவித்தார்கள். அதாவது வீட்டுக்கு 3.5 லட்சம். பிரதமர் வீடு கட்டும் திட்டம் தனி, அதில் சமவெளிப் பகுதிக்கு அடிப்படைத் தொகை 1.20 லட்சம்தான்.

வீடு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. பணம் மொத்தமாக வராது. சுவர் ஏற ஏறத் தவணையாக வங்கிக் கணக்கில் விழும். ஆக, அஸ்திவாரம் நம் கைக்காசில். அத்தையின் கம்மல் இப்போது அடகுக் கடையில் இருக்கிறது. "கூரை போடுறதுக்குள்ள இன்னும் எதை வைக்கணுமோ" என்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார். ஜன்னல் மட்டம் வந்ததும் படம் போடுகிறேன்.