ஏப்ரலில் ஓட்டு, கேரளாவில் வேலை: நம் கடற்கரையில் எப்படிப் போடுகிறீர்கள்?

தங்கச்சிமடத்துப் பெண்:

எல்லாருக்கும் வணக்கம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் உள்ளவர்கள் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்ட அனுபவத்தைச் சொல்லுங்கள். எனக்கு ஒரு விஷயம் தெளிவாக வேண்டும்.

2014, 2019, 2024 மூன்று முறையும் தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 15-க்கு அப்புறம்தான் வந்தது. அன்றைக்குத்தான் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், ஆம்பளைகள் எல்லாரும் ஊரில்தான் இருப்பார்கள், ஓட்டுப் போட வசதிதானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். படகு வைத்திருப்பவருக்கு அது சரி. படகில் கூலிக்குப் போகிறவர் நிவாரணத்தை மட்டும் நம்பி இரண்டு மாதம் உட்கார முடியுமா? மேற்குக் கடலில் தடை ஜூனில்தான் என்பதால் கொச்சி, முனம்பம், நீண்டகரை என்று கிளம்பிவிடுகிறார்கள். அதாவது ஓட்டு வருகிற வாரம் பார்த்துத்தான் ஊர் காலியாகிறது.

அப்பா 2024-ல் ஓட்டுக்காகவே கொச்சியிலிருந்து வந்தார். பாம்பன் ரயில் பாலம் 2022 டிசம்பரிலேயே மூடியாச்சு, அப்போது ரயில் தீவுக்குள் வராது, நடுவில் இறங்கி பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். வரிசையில் நின்று உள்ளே போனால், முதல் மேஜையில் இருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஊரில் இல்லாதவர் லிஸ்டில் உங்க பேர் இருக்கு, போட முடியாது" என்றாராம். அப்பா கையில் வாக்காளர் அட்டை இருந்தது. பூத் சிலிப் மட்டும் வரவில்லை. அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை, பின்னாலும் கூட்டம், திரும்பி வந்துவிட்டார். அன்று சாயங்காலம் "என்னண்ணே விரல்ல மையக் காணோம்" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்படித் திருப்பி அனுப்பலாமா? அடுத்த தடவை அப்பா என்ன சொல்ல வேண்டும்? வீட்டில் கண் சரியாகத் தெரியாத பாட்டியும் இருக்கிறார், அவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

தேர்தல் டூட்டி டீச்சர்:

தங்கச்சி, உங்கள் அப்பாவைத் திருப்பி அனுப்பியது தவறு. எத்தனையோ தேர்தலில் பூத்தில் உட்கார்ந்திருக்கிறேன், தலைமை அலுவலராகவும் இருந்திருக்கிறேன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன்.

அது ஏ.எஸ்.டி. லிஸ்ட். பி.எல்.ஓ., அதாவது உங்கள் பூத்தின் வாக்காளர் பட்டியலைப் பார்த்துக்கொள்கிற அலுவலர், வீடு வீடாகப் போகும்போது ஆள் இல்லை, வீடு மாறிவிட்டார், இறந்துவிட்டார் என்று தெரிந்தால் அந்தப் பெயர்களைத் தனியாகக் குறித்து எங்கள் கையில் கொடுப்பார்கள். அவர்கள் பெயரில் வேறு யாரும் வந்து கள்ள ஓட்டுப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கொடுக்கிற லிஸ்ட் அது. அதில் பெயர் இருந்தாலும் முதன்மைப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கவில்லை, ஓட்டுரிமையும் போகவில்லை. ஆள் நேரில் வந்துவிட்டால் தலைமை அலுவலரே அடையாள ஆவணத்தைப் பார்க்க வேண்டும், உறுதிமொழி வாங்க வேண்டும், பதிவேட்டில் கையெழுத்தோடு கைரேகையும் வாங்க வேண்டும், அவ்வளவுதான், அப்புறம் அவர் எல்லாரையும் போல் ஓட்டுப் போடலாம். முதல் மேஜைக்காரர் "முடியாது" என்று முடிவு சொல்லவே கூடாது. பட்டியலில் பெயரைத் தேடி வாசிப்பதும் அடையாளம் பார்ப்பதும்தான் அவர் வேலை. அடுத்தவர் மை வைத்துப் பதிவேட்டில் எழுதுவார், இன்னொருவர் கன்ட்ரோல் யூனிட்டில் பட்டனை அழுத்தி மெஷினைத் திறந்துவிடுவார். சிக்கல் எதுவானாலும் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் தலைமை அலுவலரிடம் போக வேண்டும். அப்பாவிடம் இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: "தலைமை அலுவலரைப் பார்க்கணும்." சண்டையே வேண்டாம்.

பூத் சிலிப் இல்லாதது ஒரு காரணமே இல்லை. சிலிப்பை மட்டும் காட்டி ஓட்டுப் போட முடியாது, சிலிப் இல்லாமல் அட்டையைக் காட்டிப் போடலாம். அட்டையும் தொலைந்துவிட்டதா, ஆதார், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய பாங்க் அல்லது போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக், பான் கார்டு, லைசென்ஸ் என்று ஒரு வரிசையே இருக்கிறது. அதில் நம் கடற்கரைக்காரர்கள் மறந்துபோன ஒன்றும் உண்டு. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரக் கிராமங்களில் மக்கள்தொகைப் பதிவேட்டுக்காக ஆட்களைப் படம் பிடித்து ஒரு ஸ்மார்ட் கார்டு கொடுத்தார்களே, பல வீட்டில் பீரோவுக்குள் கிடக்கும், 2024-ல் ஓட்டுச்சாவடியில் அதுவும் செல்லும் என்று அறிவித்திருந்தார்கள். ரேஷன் கார்டு செல்லாது. மீனவர் அடையாள அட்டையும் அந்த வரிசையில் இல்லை, அதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

கடைசி நேரத்தில் வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஆறு மணிக்குள் வரிசையில் வந்து நின்றுவிட்டால் போதும். ஆறு அடித்ததும் நாங்கள் வரிசையின் கடைசி ஆளிடமிருந்து சீட்டுக் கொடுத்துக்கொண்டே முன்னால் வருவோம். சீட்டுக் கையில் இருந்தால் இரவு எட்டானாலும் ஓட்டு உண்டு. பஸ் லேட்டாகி ஐந்தரைக்கு இறங்கி "இனி எங்கே போக" என்று வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேரோ.

இன்னொரு முக்கியமான விஷயம். 2025 நவம்பரில் சிறப்பு தீவிர திருத்தம் என்று வீட்டுக்கு வீடு படிவம் கொடுத்தார்களே, அப்போது அப்பா கேரளாவில் இருந்திருந்தால் பட்டியலில் பெயரே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுக்க வேண்டும். மேலே சொன்னதெல்லாம் பட்டியலில் பெயர் இருக்கிறவருக்குத்தான். தேர்தல் உதவி எண் 1950-க்கு போன் செய்தாலும் சொல்வார்கள்.

---

கீழக்கரை பாய்:

டீச்சர் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, எங்கள் ஊர்க் கதையை மட்டும் சொல்கிறேன். 2024-ல் ஓட்டு ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. நோன்புப் பெருநாள் 11-ந்தேதி முடிந்திருந்தது, துபாய், சவூதியிலிருந்து பெருநாளுக்கு வந்தவர்களில் சிலர் டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டு ஓட்டுக்காக நின்றார்கள். அந்த ஒரு வாரச் சம்பளம் போனது போனதுதான், அதைக் கணக்குப் பார்க்காத மனுசர்கள். ஜும்ஆ நேரம் இடித்துவிடும் என்று காலையில் ஏழு மணிக்கே ஆண்கள் வரிசை நீண்டுவிட்டது. ஜும்ஆ முடிந்ததும் மறுபடி ஒரு கூட்டம், வெயில் மண்டையைப் பிளக்கும் நேரம், பந்தலுக்கு வெளியே நின்ற பெரியவர்கள் பாடு சொல்ல முடியாது.

எங்கள் உம்மா முகம் மூடித்தான் போவார். முகத்தைக் காட்டச் சொல்வார்களே என்று பல வருசம் ஓட்டுக்கே போகாமல் இருந்தவர். பெண் அலுவலர் தனியாக மறைப்புக்குள் வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார் என்று என் தங்கச்சி பிடிவாதமாகக் கூட்டிப் போனாள், அப்படித்தான் நடந்தது. இப்போது எங்களுக்கு முன்னால் அவர் கிளம்பி நிற்கிறார்.

வளைகுடாவில் நிரந்தரமாக இருப்பவர்கள் படிவம் 6ஏ கொடுத்து வெளிநாடு வாழ் வாக்காளராகப் பெயர் சேர்க்கலாம், 2011-லிருந்து அந்த வழி இருக்கிறது. ஆனால் ஓட்டுப் போட நேரில் வந்து அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். அங்கிருந்தே போட வழியில்லை. ஓட்டுக்காக மட்டும் விமானம் ஏற எத்தனை பேரால் முடியும்? தூதரகத்தில் ஒரு பெட்டி வைத்தால் எங்கள் தெருவில் பாதிப் பேர் போடுவார்கள், இதை நான் பல இடத்தில் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன்.

---

பாம்பன் வடகடல்:

தாயி, 2019-ல் ஏப்ரல் 18-ல் ஓட்டு வைத்தார்கள், அன்று ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன். தேதியை மாற்றக் கேட்டுக் கோர்ட்டு வரைக்கும் போனார்கள், மாறவில்லை. எங்கள் பக்கம் பூத் இருப்பதே கோயிலை ஒட்டின பள்ளிக்கூடங்களில்தான். பகல் முழுக்க அங்கே ஓட்டு, ராத்திரி பாதம் கழுவுகிற பூசை. எங்கள் வீட்டில் பெண்கள் விடியற்காலையிலேயே சமையலை முடித்து, ஓட்டைப் போட்டு, மதியத்துக்கு மேல்தான் கோயில் வேலைக்குப் போனார்கள். அந்த வருசம் ஓட்டுப் போடாமல் விடவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

2024-ல்தான் மனசு விட்டுப்போயிருந்தது. நம் படகோட்டிகளுக்கு இலங்கைக் கோர்ட்டில் சிறைத் தண்டனை கொடுத்தார்கள், அந்த வருசம் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கே ராமேஸ்வரத்துக்காரர்கள் போகவில்லை. தேர்தல் நெருங்கினதும் மேடைக்கு மேடை கச்சத்தீவு. 1974-ல் என்ன நடந்தது, 1976-ல் யார் கையெழுத்துப் போட்டார் என்று எல்லாக் கட்சியும் பேசியது, சிறையில் இருக்கிறவன் எப்போது வருவான் என்று யாரும் தேதி சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஆள் அப்போது இலங்கைச் சிறையில். அவர் மனைவி பாசி எடுக்கிறவர், கல்லும் பாசியும் அறுத்து விரல் பூராவும் வெட்டு, துணி சுற்றித்தான் இருக்கும். "போட்டு என்ன ஆகப்போகுது" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார். மை வைக்கிற பொண்ணு துணியை அவிழ்க்கச் சொல்லி, காயத்தில் படாமல் நகத்து மேலிருந்து முதல் கணு வரைக்கும் மெதுவாகக் கோடு இழுத்தது, எரியுதாக்கா என்று கேட்டுக் கேட்டு. இந்தம்மா வெளியே வந்து, "அந்த மனுசன் ஓட்டு வீணாப் போகுது, என்னுதாவது போகட்டும்" என்றார். உள்ளதைச் சொல்லணும் என்றால், எங்களுக்கு எல்லா நேரமும் ஓட்டுப் போடக் கோபம்தான் காரணம்.

உன் அப்பாவை அடுத்த தடவை தனியாக அனுப்பாதே. ஊர்க்காரர் யாராவது பூத் ஏஜெண்டாக உள்ளே உட்கார்ந்திருப்பார், "இவரு இன்னார்தான்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னாலே பாதிச் சிக்கல் தீரும்.

---

மண்டபம்2001:

2024 எனக்கு முதல் ஓட்டு. சென்னையில் கடையில் வேலை. ஓட்டு நாளில் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி, தினக்கூலிக்கும் சேர்த்துத்தான். முதலாளியிடம் அதைக் காட்டித்தான் வந்தேன். உள்ளே போனால் இரண்டு மெஷின்! ஒரு மெஷினில் நோட்டாவோடு சேர்த்து 16 பேர்தான் கொள்ளும், நம் தொகுதியில் அதற்கு மேல் நின்றார்கள். முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றாரே, அவர் பெயரிலேயே வேறு சிலரும் நின்றதால் என் அம்மாச்சி வாசலிலேயே குழம்பிவிட்டார். பெயரைப் பார்க்க வேண்டாம், போட்டோவையும் சின்னத்தையும் பாருங்கள், அழுத்தினதும் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் ஏழு செகண்ட் சீட்டுத் தெரியும் என்று சொல்லி அனுப்பினேன். வெளியே வந்து "தெரிஞ்சுச்சுடா" என்றார். உங்கள் பாட்டிக்குக் கண் தெரியாது என்றால் நீங்களே கூடப் போய்ப் போடலாம் அக்கா. 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு நாளில் ஒருவருக்குத்தான் துணை போகலாம், துணைக்குப் போகிறவருக்கு வலது கை ஆள்காட்டி விரலில் மை வைப்பார்கள்.

---

தங்கச்சிமடத்துப் பெண்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பா இப்போது நீண்டகரையில் இருக்கிறார், போனில் டீச்சர் எழுதியதை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அந்தாளு சொன்னது தப்பா" என்று இரண்டு தடவை கேட்டார். பட்டியலை இன்று ராத்திரியே பார்க்கிறேன். பாட்டிக்கு 87 வயது, பூத் வரைக்கும் நடக்க வைப்பதே கஷ்டம். வீட்டிலேயே ஓட்டு வாங்குகிறார்களாமே, அது உண்மையா?

---

தேர்தல் டூட்டி டீச்சர்:

உண்மைதான். 2024-ல் 85 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் ஊனம் உள்ளவர்களுக்கும் வீட்டுக்கே வந்து தபால் ஓட்டு வாங்கினார்கள். படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், பி.எல்.ஓ. வீட்டுக்குக் கொண்டுவருவார். வீடு பூட்டியிருந்தால் இன்னொரு முறை வருவார்கள், அவ்வளவுதான். 12டி கொடுத்துவிட்டால் அப்புறம் பூத்தில் போட முடியாது, அதனால் பாட்டியிடம் எது வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். சில பாட்டிமார் பூத்துக்குத்தான் போவேன் என்பார்கள். பி.எல்.ஓ. நம்பரை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அப்பா கேரளாவில் இருக்கிறார், ஓட்டுக்கு வருவார் என்பதையும் அவரிடம் சொல்லி வையுங்கள்.