டிசம்பர் 11: ஒரே தேதியில இத்தனை பேரா? அரை மணி நேர ரேடியோ நிகழ்ச்சிக்கு உதவி வேணும்

வீணைத்தெரு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க காலேஜ்ல ஒரு கம்யூனிட்டி ரேடியோ ஓடுது, சின்ன ஸ்டேஷன்தான், பக்கத்து ஊருங்க வரைக்கும் எடுக்கும். அதுல வாரம் ஒரு நாள் காலைல அரை மணி நேரம் நான் பேசுறேன், அந்தத் தேதியில பாட்டு உலகத்துல என்ன நடந்துச்சுன்னு சொல்லி ரெண்டு மூணு பாட்டு போடுறது, அவ்ளோதான் நிகழ்ச்சி. இந்த தடவை என் நாள் டிசம்பர் 11-ல விழுந்திருக்கு.

எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா 2004-ல இறந்தது அன்னைக்குத்தான்னு எனக்குத் தெரியும், தேடிப் பார்த்தப்ப சிதார் ரவி சங்கரும் 2012-ல அதே தேதியிலதான் போயிருக்காரு, ரெண்டு பேருமே பாரத ரத்னா, எம்.எஸ். 1998, ரவி சங்கர் 1999, அடுத்தடுத்த வருஷம். இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பிறகு பார்த்தா லிஸ்ட் நீண்டுட்டே போகுது, அமெரிக்கா, பிரான்ஸ், அர்ஜென்டினான்னு. எல்லாத்தையும் வாசிச்சா பேப்பர்ல வர்ற "வரலாற்றில் இன்று" மாதிரி ஆயிடும், கேக்குறவங்களுக்கு ஒண்ணும் மனசுல நிக்காது. போன மாசம் அப்படி ஒரு தடவை பண்ணிட்டேன், எங்கம்மாவே பாதியில ரேடியோவை அணைச்சுட்டு சமையலைப் பார்க்கப் போயிட்டாங்க, அது எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

அதனால கேக்குறேன், இந்தத் தேதியில உங்களுக்கு யாரு முக்கியம், ஏன்? எந்தப் பாட்டைப் போடலாம்? வெளிநாட்டுக்காரங்களை நம்ம ஊர் ஆளுங்களுக்கு எப்படி அறிமுகம் பண்றது?

மார்கழிப்பனி எழுதியது:

எம்.எஸ். அம்மாலதான் ஆரம்பிக்கணும்மா, அதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது.

2004-ல நான் மதுரைலதான் இருந்தேன். சனிக்கிழமை அவங்க சென்னைல போனாங்க, எனக்கு ஞாயித்துக்கிழமை காலைலதான் தெரியும். எங்க தெருமுனைல ஒரு டீக்கடை, கடைக்காரர் தினம் அஞ்சு மணிக்கு சுப்ரபாதம் கேசட் போடுவாரு, அஞ்சரைக்கு முடிஞ்சதும் சினிமாப் பாட்டுக்கு மாத்திடுவாரு, வருஷக்கணக்கா அதுதான் வழக்கம். அன்னைக்கு முடிஞ்சுச்சு, திருப்பியும் முதல்லேர்ந்து போட்டாரு. மறுபடி முடிஞ்சுச்சு, மறுபடி போட்டாரு. மூணாவது தடவை ஓடுறப்பதான் நான் போய் "என்னண்ணே"ன்னு கேட்டேன், வாயைத் திறக்காம பேப்பரை எடுத்து நீட்டினாரு. அவரு சங்கீதம் படிச்சவரு இல்ல, சபா பக்கமே போனதில்ல, ஆனா பாய்லர் பக்கத்துல நின்னு துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. எங்க ஊர்ல பொறந்த பொண்ணு, வீணை வாசிச்ச சண்முகவடிவோட மக, அந்த உரிமை அவருக்கு இருந்துச்சு.

அந்த சுப்ரபாதம் ரெக்கார்ட் 1963-ல வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல அந்தக் குரல்லதான் பாதி தமிழ்நாடு கண்ணு முழிச்சிருக்கு, இப்பவும் முழிக்குது. இன்னொண்ணு யோசிச்சுப் பாரு, டிசம்பர் 11-னா இன்னும் கார்த்திகை, மார்கழி பொறக்க நாலஞ்சு நாள்தான் பாக்கி, சென்னைல சபாக்காரங்க எல்லாம் சீசனுக்குப் பந்தல் போட்டு ரெடியா நிக்கிற நேரம். அந்த நேரத்துலயா போகணும். ரெண்டு வாரம் கழிச்சு சுனாமி வேற. அந்த டிசம்பரை எங்களால மறக்கவே முடியாது.

ஆனா நீ சுப்ரபாதம் போடாதே, அது எல்லார் வீட்லயும் ஏற்கெனவே ஓடிட்டுதான் இருக்கும். "மைத்ரீம் பஜத" போடு. 1966 அக்டோபர் 23, நியூயார்க்ல ஐ.நா. சபைல அவங்க பாடின கச்சேரி, அதுக்காக காஞ்சிப் பெரியவர் எழுதிக் கொடுத்தது, மெட்டு வசந்த் தேசாய். போரை விட்டுடுங்க, அடுத்தவன் நாட்டை அடிச்சுப் பிடிக்கிறதை விட்டுடுங்கன்னு அர்த்தம். அதே மேடைல ராஜாஜி எழுதின ஒரு இங்கிலீஷ் பாட்டையும் பாடினாங்க. பாட்டைப் போடுறதுக்கு முன்னாடி அர்த்தத்தை நாலு வரில தமிழ்ல சொல்லிடு, உங்கம்மா நிச்சயம் அணைக்க மாட்டாங்க.

ராத்திரி வானொலி எழுதியது:

ரவி சங்கர் பத்தி ஒரு விஷயம், ரேடியோல சொன்னா நல்லா இருக்கும்.

அவரு இறந்தது கலிஃபோர்னியால, சான் டியாகோ பக்கத்துல. அங்க செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரை மணி. அதை நம்ம நேரத்துக்கு மாத்திப் பாருங்க, பதிமூணரை மணி நேரம் கூட்டணும், புதன்கிழமை காலை ஆறு. அதாவது டிசம்பர் 12. 12.12.12-ன்னு ஊரே ரஜினி பர்த்டே கொண்டாடிட்டு இருந்த காலை அது, நான் ஆபீஸ் பஸ்ல போறப்ப டிரைவர் பாட்டை நிறுத்திட்டு நியூஸ் வெச்சாரு, அப்பதான் கேட்டேன். அவரு பொறந்த காசில அன்னைக்குப் பொழுது விடியுற நேரம். தேதி 11-ன்னு எழுதுறது சரிதான், அவரு இருந்த இடத்து தேதியைத்தான் எழுதணும், ஆனா நமக்கு சேதி வந்தது 12-ல, இதைச் சொல்லிட்டுப் பேசுங்க.

அவருக்கு 92 வயசு. நவம்பர் 4-ம் தேதி, அதாவது போறதுக்கு அஞ்சு வாரம் முன்னாடி, மக அனுஷ்காவோட மேடை ஏறி வாசிச்சிருக்காரு. பிறகு இதய வால்வு ஆபரேஷன், அதுலேர்ந்து உடம்பு மீளல.

நம்ம ஊர்க்காரங்களுக்கு அவரை எப்படிச் சொல்றதுன்னா, இங்கிலாந்து பாப் குழு பீட்டில்ஸோட அவருக்கு இருந்த பழக்கத்துல ஆரம்பிக்காதீங்க. சாருகேசி ராகத்துல ஆரம்பிங்க. சாருகேசி, கீரவாணி, வாசஸ்பதி, இதெல்லாம் நம்ம கர்நாடக மேளகர்த்தா ராகங்க, அதாவது தாய் ராகங்க, இதையெல்லாம் எடுத்து சிதார்ல வாசிச்சு வடக்கே நிறைய பேருக்குக் கொண்டு சேர்த்ததுல அவருக்குப் பெரிய பங்கு. பாகவதரோட "மன்மத லீலையை" தெரியாத பெரியவங்க உங்க ஏரியால இருக்க மாட்டாங்க, அது சாருகேசிதான். அதுல பத்து செகண்ட் போட்டுட்டு உடனே ரவி சங்கர் சாருகேசியைப் போடுங்க, கேக்குறவங்க தானா தலையாட்டுவாங்க, நீங்க ஒண்ணுமே விளக்க வேணாம்.

அப்புறம் 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன், வங்காளதேச அகதிகளுக்காக நடந்த கச்சேரி. அவரும் சரோத் அலி அக்பர் கானும், தபலா அல்லா ரக்கா. ஸ்ருதி சேர்க்குறாங்க, ஒவ்வொரு தந்தியா முறுக்கிப் பார்க்குறாங்க, அவ்ளோதான், கூட்டம் அதையே பாட்டுன்னு நினைச்சு பயங்கரமா கை தட்டுது. அவரு சிரிச்சுட்டு, ஸ்ருதி சேர்த்ததே இவ்ளோ பிடிச்சிருந்தா வாசிக்கிறது இன்னும் பிடிக்கும்னு நம்புறேன்ங்கிற மாதிரி பதில் சொல்றாரு. ரெக்கார்டிங்ல அது அப்படியே இருக்கு. யாரையும் புண்படுத்தாம, கோவப்படாம, ஒரே வரில ஒரு அரங்கத்தையே கேக்க உக்கார வெச்சாரு.

நதிக்கரை எழுதியது:

நான் வெளிநாட்டுக் கேள்விக்கு வரேன். ஒரே ஒரு ஆளுதான் வேணும்னா அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் சாம் குக். 1964 டிசம்பர் 11, லாஸ் ஏஞ்சல்ஸ், ஒரு மோட்டல்ல அங்க இருந்த மேனேஜரம்மா சுட்டு செத்தாரு. வயசு 33. தற்காப்புக்காக சுட்டதுன்னு கேஸ் முடிஞ்சது, அவரோட குடும்பம் அதை ஏத்துக்கவே இல்ல. அந்த ராத்திரியைப் பத்தி ரொம்ப பேச வேணாம்னுதான் நான் சொல்வேன், பேசினா அது துப்பறியும் கதையா மாறிடும், மனுஷன் காணாமப் போயிடுவாரு.

மனுஷனைப் பத்திச் சொல்லுங்க. மிசிசிப்பில பொறந்து சிகாகோல வளர்ந்தவரு, சர்ச்சுல பாடிப் பழகின குரல், அங்கேர்ந்து பாப்புக்கு வந்து 1957-ல நம்பர் ஒன். கறுப்பின பாடகருங்க பாட்டை விட்டுக் கொடுத்துட்டு சம்பளத்தோட போயிட்டு இருந்த காலத்துல, தன் பாட்டோட உரிமை தன்கிட்டதான் இருக்கணும்னு சொந்தமா கம்பெனி வெச்சாரு. 1963 அக்டோபர்ல லூசியானால, ரூம் புக் பண்ணிட்டுப் போன ஹோட்டல்லயே கறுப்பர்னு இடம் இல்லன்னுட்டாங்க, கேள்வி கேட்டதுக்கு போலீஸ் பிடிச்சுட்டுப் போச்சு. நாலு மாசம் கூட ஆகல, 1964 ஜனவரி கடைசில "எ சேஞ்ச் இஸ் கானா கம்" ரெக்கார்ட் பண்ணிட்டாரு. பிப்ரவரி 7-ம் தேதி டிவில ஒரு தடவை பாடினாரு, அந்த டேப்பை டிவிக்காரங்க வெச்சுக்கல, போயே போச்சு. சிங்கிளா அந்தப் பாட்டு வெளிவந்தது டிசம்பர் 22, அவரு செத்து பதினோரு நாள் கழிச்சு, அதுவும் ரெக்கார்டோட பின்பக்கத்துல.

இதை நம்ம ஊர்ல சொல்லத் தனியா அறிமுகம் தேவையே இல்லீங்க. ரெட்டை டம்ளர் பார்த்த ஊரு நம்ம ஊரு. இடம் இல்லன்னு வாசல்ல நிக்க வெச்சா எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்க நீங்க பேசுற அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளயே எத்தனை பேர் இருப்பாங்க. நான் அந்தப் பாட்டை முதல்ல கேட்டது ஹாஸ்டல்ல, ஹெட்போன்ல, வார்த்தை பாதி புரியல, ஆனா அவரு குரல் மேல ஏறி ஒரு இடத்துல உடையுற மாதிரி வந்து உடையாம நிக்கும் பாருங்க, அங்க நான் அழுதுட்டேன்.

மத்தவங்க வேகமா: பிக் மாமா தார்ன்டன் 1926-ல இதே தேதியில அலபாமால பொறந்தாங்க, எல்விஸ் பாடி உலகமே கேட்ட "ஹவுண்ட் டாக்" முதல்ல இவங்க பாட்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் 1803. டேங்கோங்கிற நடன இசைல பெரிய பேரான பாடகர் கார்லோஸ் கார்டெலுக்கும் இசைக்கலைஞர் ஹூலியோ தெ காரோவுக்கும் இன்னைக்குத்தான் பொறந்தநாள்னு அர்ஜென்டினால டிசம்பர் 11-ஐ தேசிய டேங்கோ நாளாவே கொண்டாடுறாங்க.

கரிசல்மண் எழுதியது:

எல்லாரும் ஒருத்தரை விட்டுட்டீங்களே. 1882 டிசம்பர் 11, எட்டயபுரம். பாரதி!

அவரு கவிஞர்தானே, இசை நிகழ்ச்சில எதுக்குன்னு யாராவது கேப்பாங்க, அதனால சொல்றேன். ராகம் தாளம் போட்டுப் பாட்டு எழுதினவரு அவரு, தானே உரக்கப் பாடிக் காட்டினவரு. "சங்கீத விஷயம்"னு ஒரு கட்டுரை எழுதியிருக்காரு, எந்த ஊருக்குப் போனாலும் வித்வானுங்க அதே நாலஞ்சு பாட்டைத்தான் பாடுறாங்க, கேக்குறவங்களுக்கு அர்த்தம் புரியாத பாஷைலயே திருப்பித் திருப்பிப் பாடுறது நியாயமில்லன்னு அதுல ஆதங்கப்பட்டிருப்பாரு. பின்னாடி வந்த தமிழிசை இயக்கத்துக்கு அது முன்னோடிக் குரல். 1947 சுதந்திரத்தப்போ டி.கே. பட்டம்மாள் ரேடியோல "ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே" பாடினாங்க, எழுதினவரு போய் 26 வருஷம் ஆயிருந்துச்சு.

இன்னொரு விஷயம். முத்துசாமி தீட்சிதர் கடைசி காலத்துல வந்து தங்கி உயிர் விட்டதும் இதே எட்டயபுரத்துலதான், 1835 தீபாவளி அன்னைக்கு. "மீனாக்ஷி மே முதம்" சிஷ்யருங்க பாடிட்டு இருக்கும்போதே போயிட்டாருன்னு சொல்வாங்க. அவரு சமாதி அங்க இருக்கு. 47 வருஷம் கழிச்சு அதே ஊர்ல பாரதி பொறந்தாரு. நான் அங்க போயிருக்கேன், பாரதி வீட்டைப் பார்த்துட்டு வெயில்ல நடந்தே சமாதிக்குப் போனேன், வேற யாருமே இல்ல, ஒரு பாட்டி மட்டும் வாசல்ல பூ கட்டிட்டு இருந்தாங்க.

ராத்திரி வானொலி சொன்ன தேதி விஷயம் பாரதிக்கும் உண்டு. உயிர் போனது நடு ராத்திரி தாண்டி, அதனால செப்டம்பர் 11-ஆ 12-ஆன்னு பேச்சு, பதிவேட்ல 12, அரசு நினைவு நாள் 11. நம்மாளுங்க பழைய வழக்கப்படி திதி பார்த்ததுல இந்தக் குழப்பம் கிடையாது, தியாகராஜர் ஆராதனை வருஷா வருஷம் வேற வேற இங்கிலீஷ் தேதில வந்தாலும் புஷ்ய பகுள பஞ்சமிங்கிற அந்தத் திதி மாறாது.

வீணைத்தெரு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மார்கழிப்பனி அக்கா, அந்த டீக்கடை விஷயத்தை உங்க பேர் சொல்லாம நிகழ்ச்சில சொல்லிக்கவா?

இப்போதைக்கு என் முடிவு இப்படி. ஆரம்பத்துல பட்டம்மாள் பாடின பாரதி, அதுலேர்ந்து எட்டயபுரம். அடுத்து எம்.எஸ்., மைத்ரீம் பஜத, அர்த்தத்தோட. கடைசில சாம் குக், முழுப் பாட்டும், நடுவுல பேச்சு கிடையாது. ரவி சங்கருக்கு ஒரு யோசனை: அடுத்த நாள் காலைல ஆறு மணி நிகழ்ச்சி என் ஃப்ரெண்டோடது, அவகிட்ட கேட்டேன், ஒத்துக்கிட்டா. சரியா ஆறு மணிக்கு சாருகேசி.

ராத்திரி வானொலி எழுதியது:

டிசம்பர் 12 காலை ஆறு மணி! அதுதான் சரி. ஆலாபனையை மட்டும் வெட்டிடாதீங்க, எவ்ளோ நேரம் இருக்கோ அவ்ளோ நேரமும் ஆலாபனையே ஓடட்டும்.

மார்கழிப்பனி எழுதியது:

தாராளமா சொல்லும்மா. கடைக்காரர் இப்ப இல்ல, அவரு மகன் கடையை நடத்துறான், அஞ்சு மணிக்கு போன்ல போடுறான் அதே சுப்ரபாதத்தை. எந்த நேரத்துல வருதுன்னு சொல்லு, அவன்கிட்ட சொல்லி வைக்கிறேன்.