அவசரம்: சின்ன பாத்ரூமில் பூனை டப்பாவை எங்கே வைப்பது?

சாம்பல்_அம்மா (நாகர்கோவில்)
வணக்கம். புது வாடகை வீட்டுக்கு வந்திருக்கிறோம், மாடி வீடு. பழைய வீட்டில் புறவாசல் இருந்தது. பூனை மண்ணில் போய்விட்டு மூடிவிட்டு வந்துவிடும், நாங்கள் திரும்பிப் பார்த்ததே இல்லை. இங்கே பாத்ரூம் ரொம்பச் சின்னது. வாஷிங் மெஷினும் அதற்குள்தான். பூனை கக்கூஸ் போக, மண்ணுக்குப் பதிலாக லிட்டர் என்ற துகளைப் போட்டு வைக்கும் டப்பா ஒன்று வாங்கி வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு வெளியே வந்து கால்மிதியில் போகிறது. டப்பாவை எங்கே வைப்பது, எந்த டப்பா நல்லது? சீக்கிரம் சொல்லுங்கள். வீட்டுக்காரர் வாடகை வாங்க நேரில்தான் வருவார், வாடை பிடித்துவிட்டால் பூனையோடு சேர்த்து எங்களையும் கிளப்பிவிடுவார்.

தக்கலை_தம்பி
அக்கா, பாத்ரூம் எத்தனைக்கு எத்தனை? கதவு உள்ளே திறக்குமா, வெளியேயா? டப்பா என்ன அளவு? பூனை ஆணா பெண்ணா?

குளச்சல்_கடலோடி
இதுக்கெல்லாம் எதுக்குக் காசு? பழைய மீன் பெட்டி ஒன்றை எடுங்கள், கடற்கரையில் ஒரு சாக்கு மணல் அள்ளிப் போடுங்கள். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பூனை உண்டு. டப்பா என்ற பேச்சே கிடையாது.

நாஞ்சில்_ஞானி (மூத்த உறுப்பினர்)
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாயிற்று. பக்கத்தின் மேலே தேடுவதற்கு ஒரு பெட்டி இருக்கிறது, அது அழகுக்காக வைத்ததில்லை. புதிதாக வருபவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்: எத்தனை பூனையோ அத்தனை டப்பா, அதற்கு மேல் ஒன்று. ஒரு பூனைக்கு இரண்டு டப்பா. இந்த அடிப்படை தெரியாமல் பூனை வளர்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

தக்கலை_தம்பி
சாரே, அவங்களுக்கு ஒரு டப்பாவுக்கே இடமில்லை. நீங்கள் இரண்டு வைக்கச் சொல்கிறீர்கள்.

நாஞ்சில்_ஞானி
விதி விதிதான். இடம் இல்லை என்பதற்காகப் பூனை தன் குணத்தை மாற்றிக்கொள்ளாது.

வடசேரி_வாணி
எங்கள் பூனை தானாகவே பாத்ரூம் தண்ணீர் போகிற ஓட்டைக்கு மேல் உட்கார்ந்து சிறுநீர் கழிக்கும். யாரும் பழக்கவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. டப்பாவை எடுத்துவிட்டுப் பாருங்கள், உங்கள் பூனையும் பழகிவிடும்.

சாம்பல்_அம்மா
பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பாத்ரூம் 5 அடிக்கு 4½ அடி. கதவு உள்ளேதான் திறக்கும். ஆண் பூனை, கருத்தடை ஆபரேஷன் செய்தது, நல்ல உடம்பு. டப்பா 15 அங்குல நீளம் இருக்கும், அதைவிடப் பெரியது வைத்தால் கதவு இடிக்கும். வாணி அக்கா, சிறுநீர் மட்டும் என்றால் பரவாயில்லை, இது இரண்டுக்கும் கால்மிதியைத்தான் தேடுகிறது.

கம்பவுண்டர்_மாமா
இடத்தை அப்புறம் பார்ப்போம். ஆண் பூனை என்றதும் ஒன்றைக் கேட்டாக வேண்டும். அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறதா? சொட்டுச் சொட்டாக வருகிறதா, அல்லது வரவே இல்லையா? கத்துகிறதா, அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் இந்த இழையை மூடிவிட்டு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் குறுகலானது. அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். டப்பா பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே பூனையைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சாம்பல்_அம்மா
ஐயோ, பயமுறுத்தாதீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் போகிறது, கால்மிதி நனைந்து கிடக்கும் அளவுக்கு. சாப்பாடும் சரியாக உண்டு.

கம்பவுண்டர்_மாமா
நல்லது. அப்படியானால் குறை டப்பாவில்தான் இருக்கிறது. மூக்கு நுனியில் இருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையை அளந்து பாருங்கள். அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் டப்பாவுக்கு வேண்டும். நல்ல உடம்பு என்கிறீர்கள், 18 அங்குலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 27 அங்குலம். நீங்கள் வாங்கியது குட்டிக்கு ஆகும், அவ்வளவுதான். உள்ளே நின்று திரும்பக்கூட முடியாத இடத்தில் அது எப்படித் தோண்டும்?

இன்னொன்று. பழைய வீட்டில் மண்ணில் போனது என்றீர்கள். இப்போது டப்பாவில் என்ன போட்டிருக்கிறீர்கள்? பாத்ரூமை எதால் கழுவுகிறீர்கள்?

நாஞ்சில்_ஞானி
இதே கேள்விகளை நானும் கேட்பதாக இருந்தேன்.

குளச்சல்_கடலோடி
பார்த்தீர்களா, மண்ணில் போய்ப் பழகிய பூனை. மணல்தான் மருந்து என்று முதலிலேயே சொன்னேன்.

மண்டைக்காடு_மைந்தன்
கடலோடி அண்ணே, எந்தக் கடற்கரை மணல்? மணவாளக்குறிச்சிப் பக்கத்து கறுப்பு மணலை அள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குள் வைக்கச் சொல்கிறீர்களா? அதில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, மோனசைட்டுக்குள் தோரியம். கதிரியக்கம் உள்ள மணல். பூனைக்குப் பாதம் வெறும் சதை.

குளச்சல்_கடலோடி
அந்த மணலில் படுத்து, விளையாடி, வலை காய வைத்துத்தான் வளர்ந்தோம். பூனைக்கு மட்டும் தனியாக என்ன வந்துவிடப்போகிறது?

நாஞ்சில்_ஞானி
இரண்டு பேரும் அரைகுறையாகப் பேசுகிறீர்கள். கறுப்பு மணல் எல்லாமே மோனசைட் கிடையாது. அதில் பெரும்பங்கு இல்மனைட். கூடவே ரூட்டைல், சிர்கான், கார்னெட். மோனசைட் கொஞ்சம்தான். ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்ததே, இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான். அப்போது நம் ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. இன்றைக்கும் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலை அந்த மணலைத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறது.

மண்டைக்காடு_மைந்தன்
அதைத்தான் நானும் சொன்னேன். கொஞ்சமோ நிறையவோ, இருக்கிறதல்லவா?

குளச்சல்_கடலோடி
ஆலை மணலை அள்ளிக்கொண்டு போகும்போது வராத கதிரியக்கம் நான் ஒரு சாக்கு அள்ளும்போது வந்துவிடுமா? இந்தக் கதையைச் சொல்லித்தான் எங்கள் கரையையே…

நெறியாளர்
மணல் ஆலை விவகாரத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய்ப் பேசுங்கள். இங்கே பூனை.

சாம்பல்_அம்மா
இவ்வளவு படிக்க நேரமில்லை, மன்னிக்கவும். டப்பாவில் கடையில் வாங்கிய லிட்டர், லாவெண்டர் வாசம் போட்டது. பாத்ரூமைத் தினமும் ஃபினாயில் போட்டுக் கழுவுகிறேன். பூனை இருக்கிறதே என்று கொஞ்சம் கூடுதலாகவே விடுகிறேன். வாடைக்காக அலமாரியில் நாப்தலின் உருண்டையும் வைத்திருக்கிறேன்.

கம்பவுண்டர்_மாமா
அம்மா, ஃபினாயில், நாப்தலின் இரண்டையும் உடனே நிறுத்துங்கள். பூனையின் கல்லீரலால் ஃபினாயில் போன்ற ஃபினால் வகை மருந்துகளைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. அதற்கு வேண்டிய நொதி மற்ற பிராணிகளை விடப் பூனைக்கு மிகவும் குறைவு. தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும், அப்படி உள்ளே போய்விடும். நாப்தலின் உருண்டையும் பூனைக்கு விஷம். அதுவும் இல்லாமல், நமக்கு வாசமாகத் தெரிவது அதன் மூக்குக்குத் தாங்காது. கீழே ஃபினாயில், டப்பாவில் லாவெண்டர் என்றால் கால்மிதியைத் தேடிப் போனதில் ஆச்சரியமே இல்லை.

பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும். அது உங்களுக்கும் கெடுதல். டப்பாவைக் கழுவச் சாதாரண பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் போதும். பூனை போன தரையை என்சைம் (நொதி) கலந்த கிளீனர் போட்டுத் துடையுங்கள். அந்தக் கால்மிதியை மட்டும் தூக்கி எறிந்துவிடுங்கள். எத்தனை தரம் துவைத்தாலும் அதன் மூக்குக்கு அது கக்கூஸ்தான்.

வடசேரி_வாணி
வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் பூனையே ஆகாது என்று சொல்கிறார்களே?

கம்பவுண்டர்_மாமா
பூனையை விரட்ட வேண்டியதில்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமியைப் பற்றிய பயம் அது. மலத்தோடு வெளியே வந்த உடனே அது தொற்றாது, தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதனால் தினமும் அள்ளிவிட வேண்டும். கர்ப்பிணி அள்ளாமல் வேறு ஆள் அள்ளினால் சரி. பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள்.

கொத்து_வேலை_கோபு
இடத்தைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அளவை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 அடிச் சுவரில் ஒரு மூலையில் குளோசெட், அதற்கு இரண்டரை அடி விட வேண்டும். அடுத்த மூலையில் மெஷின், அது இரண்டடி அளவுக்குப் பிடிக்கும். எதிர்ச் சுவரில் கதவு. மிச்சம் இருப்பது குழாயடி, அதாவது நீங்கள் வாளி வைத்துக் குளிக்கிற இடம். அங்கே லிட்டரை வைப்பது ஆற்றுக்குள் அடுப்பு மூட்டுகிற மாதிரி. ஈரத் தரையில் பூனை கால் வைக்காது. களிமண் லிட்டர் தண்ணீர் பட்டால் பல மடங்கு உப்பும், தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்கு அடியில் இருக்கும் நானி டிராப்பில் போய் உட்கார்ந்தால் குத்தி எடுத்தாலும் வராது. கொத்தனாருக்குத்தான் வேலை. குளோசெட்டில் போட்டு ஃபிளஷ் பண்ணினாலும் அதே கதைதான். அள்ளியதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள்.

மெஷின் டாப் லோடா, அரை ஆட்டோமேட்டிக்கா? சக்கரம் வைத்தது என்றால் அதை நகர்த்தலாம்.

சாம்பல்_அம்மா
டாப் லோடு. நகர்த்த முடியாது, குழாய் அங்கேதான். பால்கனி 3 அடி அகலம், துணி காயப் போடுவோம்.

கொத்து_வேலை_கோபு
பால்கனி வேண்டாம். ஆனி, ஆடிக் காற்றில் லிட்டர் பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குப் போய்விடும். ஐப்பசி மழையில் சேறாகும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, மறக்க வேண்டாம். கை கழுவும் பேசின் எங்கே இருக்கிறது? ஹாலில் என்றால் அதன் அடியில் பாருங்கள். பெரும்பாலும் இரண்டடிக்கு மேல் உயரம் இருக்கும், சும்மாதான் கிடக்கும், தண்ணீரும் சிந்தாது.

எந்த வழியும் இல்லை, பாத்ரூமுக்குள்தான் வைக்க வேண்டும் என்றால், கதவுப் பக்கம் ஒரு செங்கல் உயரத்துக்கு வரம்பு கட்டி, குளிக்கிற இடத்தைத் தனியாகப் பிரிக்க வேண்டும். அதற்கு வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். அவர் ஒத்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. கதவை முழுக்க மூடாமல் ஒரு கொக்கி போட்டு வைக்கவும் வேண்டும். இல்லையென்றால் யாராவது உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள், பூனை வெளியே நின்றுகொண்டிருக்கும். மெஷின் ஸ்பின் போடும் சத்தத்தில் ஒரு தரம் மிரண்டது என்றால் அந்தப் பக்கமே திரும்பாது.

சாம்பல்_அம்மா
பேசின் ஹாலில்தான். ஆனால் அதற்குப் பக்கத்தில்தான் சாப்பாட்டு மேசை. மாமியார் முகத்தை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

தக்கலை_தம்பி
லிட்டர் காசுக்கு ரப்பர் மரத்தூள் வாங்கலாமே? எங்கள் பக்கம் மரம் அறுக்கிற மில்லில் சும்மாவே தருவார்கள்.

கொத்து_வேலை_கோபு
மருந்து ஏற்றாத பச்சை மரத்தூள் என்றால் சரி. ரப்பர் பலகைக்குப் பூச்சி அரிக்காமல் இருக்கப் போரான் மருந்து ஏற்றுவார்கள். மருந்து ஏற்றிய பலகையை அறுத்த தூள் வேண்டாம். எது எந்தத் தூள் என்று மில்லில் கேட்டால்தான் தெரியும். ஈத்தாமொழிப் பக்கத்துத் தும்பு ஆலையில் கிடைக்கும் தென்னை நார்த்தூளை நன்றாகக் காய வைத்துப் போடலாம். ஈரத்தை இழுக்கும். காலில் ஒட்டி வீடெல்லாம் வரும் என்பது மட்டும்தான் தொல்லை.

கம்பவுண்டர்_மாமா
முதலில் பூனை டப்பாவுக்குள் போகட்டும், மிச்சம் பிடிப்பதை அப்புறம் யோசிக்கலாம். வாசமில்லாத, பொடியான களிமண் லிட்டரை 2 அங்குலம் தடிமனுக்குப் போடுங்கள். மேலே காய்ந்த செம்மண் இரண்டு கை தூவுங்கள். காலுக்குப் பழகிய மண் என்று இறங்கிவிடும். பிறகு நாளுக்கு நாள் மண்ணைக் குறைத்துக்கொண்டே வரலாம். அந்த அளவுக்குக் கடலோடி சொன்னதில் விஷயம் உண்டு. ஆனால் கடல் மணலில் உப்பு இருக்கிறது, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து எப்போதும் நசநசவென்று கிடக்கும்.

குளச்சல்_கடலோடி
நன்றி மாமா. ஞானி சாருக்கு இது கேட்டிருக்கும்.

நாஞ்சில்_ஞானி
செம்மண் வேறு, கடல் மணல் வேறு. இரண்டாவது டப்பாவைப் பற்றி நான் சொன்னதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

தக்கலை_தம்பி
அக்கா என்ன ஆனார்கள்? ஆளையே காணோம்.

மண்டைக்காடு_மைந்தன்
வீட்டுக்காரர் வந்திருப்பார்.

சாம்பல்_அம்மா
மன்னிக்கவும், வேலை. டப்பாவை மாற்றிவிட்டோம், துணி வைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப். முன்பக்கம் மட்டும் கொஞ்சம் அறுத்து வழி விட்டிருக்கிறோம். பேசினுக்கு அடியில்தான். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, சாப்பாட்டு மேசையை அறைக்குள் போடச் சொன்னார், போட்டுவிட்டோம். ஃபினாயிலை நிறுத்திவிட்டேன். எங்கள் பூனை சாம்பல் இப்போது டப்பில்தான் போகிறது. எல்லோருக்கும் நன்றி.

வடசேரி_வாணி
சந்தோஷம். எந்தக் கடையில் அந்த டப் கிடைத்தது? அறுத்த ஓரம் பூனைக்குக் குத்தாதா?

கொத்து_வேலை_கோபு
கோட்டாறு பாத்திரக் கடைகளில் பெரிய டப் கிடைக்கும். அறுத்த ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, பழைய தண்ணீர் ஹோஸை நீளவாக்கில் கீறி அதன்மேல் மாட்டிவிடுங்கள்.