தலை திருப்பிய மண் காளைக்குக் கழுத்தில் விரிசல்: வழி சொல்லுங்கள்

வணக்கம். ஊர் உடுமலைப் பக்கம். மூன்று மாதமாக ஞாயிறுதோறும் கோவையில் ஒரு மண் சிற்பப் பட்டறைக்குப் போகிறேன். சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் பொங்கலுக்கு வைக்கும் மண் உருவாரங்களை (மாட்டு பொம்மைகளை) பார்த்து வளர்ந்ததால், காங்கேயம் காளைதான் செய்ய வேண்டும் என்று ஆசை.

நேராக நிற்கும் காளை நன்றாகவே சுட்டு வருகிறது. மிரண்டு தலையைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி செய்தால் மட்டும் திமிலுக்கும் கழுத்துக்கும் நடுவே விரிசல். இதுவரை நான்கு போய்விட்டன. கடைசிக் காளையில் விரிசலுக்குள் நகமே நுழைந்தது. தட்டினால் கணீரென்று கேட்காமல் டொப்பென்று சத்தம். மண் சிதறவில்லை, அதனால் ஈரம் ஆவியாகி வெடித்த மாதிரி தெரியவில்லை.

உயரம் ஒரு அடி. குளத்து மண்ணோடு கால் பங்கு மணல். உள்ளே குடைந்து, சுவரை அரை அங்குலத்துக்குக் கொண்டுவந்தேன். வயிற்றில் காற்றுத்துளையும் உண்டு. நிழலில் பன்னிரண்டு நாள் காய வைத்தேன். அப்புறம் மணலுக்குப் பதில் சுட்ட ஓட்டுப்பொடி சேர்த்தேன், விரிசல் சிறிதானது, போகவில்லை. சூடு 573 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மணலில் உள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும், ஆறும்போது சுருங்கும் என்பதால் திறந்த சூளையை ஒரு நாள் முழுக்கச் சாம்பலிலேயே ஆறவிட்டும் பார்த்தேன். அதே இடம், அதே விரிசல்.

தலையையும் கழுத்தையும் தனியாகச் செய்து உடம்போடு ஒட்டுகிறேன். ஒட்டாமல், ஒரே மண்ணில் கழுத்தை இழுத்து வளைத்தால் இந்த விரிசல் வராமல் இருக்குமா?