ஆற்றங்கரை மேடா, தூரத்துப் பள்ளமா? வெள்ளம் வரும் ஊரில் வீடு வாங்க யோசனை வேண்டும்

கேள்வி: புதுக்குடி

வணக்கம். வேலை இருக்கும் ஊர் ஆற்றுச் சமவெளி. சில வருடங்களுக்கு ஒருமுறை வெள்ளம் வரும். ஊரை மாற்ற வழியில்லை, அதனால் "அங்கே வாங்கவே வாங்காதீர்கள்" என்பதைத் தவிர வேறு எதுவானாலும் சொல்லுங்கள். அலசி முடித்ததில் இரண்டு வீடுகள் மிஞ்சியிருக்கின்றன.

அ வீடு: ஆற்றிலிருந்து 400 மீட்டர்தான். பழைய குடியிருப்பு. தெரு ஆற்றைவிட்டு விலக விலக லேசாக இறங்குகிறது. வீடு மேல்முனையில் இருக்கிறது.

ஆ வீடு: ஆற்றிலிருந்து 3 கிலோமீட்டர். புது மனைப்பிரிவு, 4 அடி மண் கொட்டி உயர்த்தியது. சரிவின் கீழ்ப்பக்கம் ரயில் பாதை ஓடுகிறது. அங்கே ஆட்கள் குடிவந்து 3 வருடம் ஆகிறது, "இதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை" என்கிறார் தரகர்.

ஆற்றை நினைத்தால் ஆ வீடுதான் பாதுகாப்பு என்று தோன்றுகிறது. சரிதானா? பொறியாளர் இல்லாமல் நானே எதையெல்லாம் பார்க்கலாம்? வீட்டுக்குள் எதைத் தேட வேண்டும்?

பதில் 1: மட்டப்பலகை

ஆற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, அ வீட்டுத் தெரு ஆற்றைவிட்டு விலக விலக இறங்குகிறது என்ற வரி. சமவெளி ஆறு கரைபுரளும்போது தண்ணீரின் வேகம் சட்டென்று குறையும். கனமான மணலைக் கரையோரத்திலேயே போட்டுவிடும், நுண்ணிய வண்டல் மட்டும் தள்ளிப்போய்ப் படியும். காலங்காலமாக இப்படி நடந்து, கரை ஓரம் தானாகவே மேடாகி, அதற்குப் பின்னால் ஒரு பள்ளம் உருவாகிவிடுகிறது. பழைய குடியிருப்புகள் பல அந்த மேட்டிலேயே இருப்பது தற்செயல் இல்லை. மேட்டில் ஏறும் தண்ணீர் ஆறு இறங்கியதும் வடிந்துவிடும். பின்பள்ளத்தில் சேர்ந்தது நாள்கணக்கில் நிற்கும்.

இப்போது ஆ வீடு. ஆறே இல்லாவிட்டாலும் அங்கே தண்ணீர் சேர முடியும். 1 ஹெக்டேரில் 10 செ.மீ. மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர். உங்கள் மனைப்பிரிவு இருக்கும் பள்ளம் 2 ஹெக்டேர், அதை நோக்கிச் சரியும் நிலம் மொத்தம் 20 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரையும் சிமென்டும் நிறைந்த இடத்தில் பெய்ததில் 70 சதவீதம் ஓடிவரும் என்றால் 1 கோடியே 40 லட்சம் லிட்டர். வெளியேற வழியில்லை என்றால் 2 ஹெக்டேரில் அது 70 செ.மீ. உயரம் நிற்கும். முழங்காலுக்கு மேல். இதற்கு ஆற்றில் ஒரு சொட்டு கூடுதலாக ஓட வேண்டியதில்லை.

வழி இருக்கிறதா என்பதை அந்த ரயில் பாதைதான் சொல்லும். சரிவின் கீழ்ப்பக்கம் மண்மேட்டில் பாதை போகிறது என்றால், அது பெயரில்லாத ஓர் அணை. அதில் எத்தனை சிறுபாலம், ஒவ்வொன்றின் அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, எவ்வளவு தூர்ந்திருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். 1 மீட்டர் உயரத் திறப்பில் அரை மீட்டர் மண் இருந்தால் பாதி போயிற்று, மீதிப் பாதியை ஒரு மெத்தையும் நாலு பிளாஸ்டிக் சாக்கும் அடைத்துவிடும். பாலத்துக்கு அந்தப்பக்கம் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் தொடர்ந்து நடந்து பார்க்க வேண்டும். பாதி ஊரில் வாய்க்கால் நேராகப் போய் யாரோ ஒருவர் சுற்றுச்சுவரில் முட்டி நிற்கும்.

4 அடி மண் கொட்டினோம் என்று தரகர் பெருமையாகச் சொல்வது ஒரு வாக்குமூலம்: 4 அடி கொட்ட வேண்டிய பள்ளம் அது. எதைவிட 4 அடி உயரம் என்று கேளுங்கள். பழைய தரையைவிடவா, இன்றைய சாலையைவிடவா? பக்கத்து நிலத்துக்காரர் நாளைக்கு 5 அடி கொட்டினால் நீங்கள்தான் பள்ளம்.

"3 வருடம் வரவில்லை" என்பதற்கும் ஒரு கணக்கு. சராசரியாகப் பத்து வருடத்துக்கு ஒருமுறை மூழ்கும் இடம் என்றால் வருடத்துக்கு 10 சதவீத வாய்ப்பு. அப்படிப்பட்ட இடத்திலும் தொடர்ந்து 3 வருடம் தண்ணீர் வராமலிருக்க 73 சதவீத வாய்ப்பு உண்டு. ஆக அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதிலிருந்து உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. அதேபோல "நூறு வருட வெள்ளம்" என்ற பேச்சையும் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். அது வருடத்துக்கு 1 சதவீதம். 30 வருடக் கடனை அடைத்து முடிப்பதற்குள் ஒருமுறையாவது வர 26 சதவீதம், நாலில் ஒன்று.

பதில் 2: குழாய்க்காரன்

சார், மேலே சொன்னது நிலம். நான் வீட்டுக்குள்ள வர்றேன்.

பெரும்பாலும் எல்லாரும் வாசல் வழியாத்தான் தண்ணி வரும்னு நினைக்கிறாங்க. பல வீட்டுல முதல்ல வர்றது கழிவறைத் துளை வழியா. தெருச் சாக்கடைக் குழாய் நிரம்பினா, உள்ளே இருக்கிற தண்ணி மேன்ஹோல் மூடி மட்டம் வரைக்கும் ஏறி, அங்கேதான் வழியும். உங்க தரைத் துளை அந்த மூடியைவிடக் கீழே இருந்துச்சுன்னா, தெருவில வழியறதுக்கு முன்னாடியே உங்க குளியலறையில பொங்கிடும். தெரு காய்ஞ்சு கிடக்கும், வீட்டுக்குள்ள சாக்கடை நிக்கும். அதனால தெரு மேன்ஹோல் மூடியையும் வீட்டிலேயே தாழ்ந்த தரைத் துளையையும் ஒப்பிட்டுப் பாருங்க. மூடியைவிட அரை அடியாவது துளை மேலே இருக்கணும்.

"நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருக்கோம், கவலை இல்லை"ன்னு சொல்வாங்க. தண்ணியை வெளியே மட்டும் விட்டு, திரும்பி உள்ள வராம தடுக்கிற வால்வு அது. ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, வால்வு மூடியைத் திறந்து உள்ள இருக்கிற மடல் தாராளமா ஆடுதான்னு பாக்கணும். துணி, முடி, கொழுப்பு மாட்டி அரைகுறையா மூடும், அப்புறம் வால்வு இருந்தும் இல்லாத மாதிரிதான். ரெண்டாவது, அது மூடியிருக்கும்போது உங்க தண்ணியும் வெளியே போகாது. அடுக்குமாடியில மொத்தக் குழாய்க்கும் ஒரே வால்வு போட்டிருந்தா, மேல்மாடிக்காரங்க குளிக்கிற தண்ணி தரைத்தள வீட்டுல வந்து நிக்கும். தரைத்தளக் கிளைக்குத் தனி வால்வு, மேல்மாடிக் குழாய் வால்வைத் தாண்டிப் போய்ச் சேரணும். இதுதான் சரியான அமைப்பு.

தண்ணி வந்து போன வீட்டை எவ்வளவு மறைச்சாலும் காட்டிக் கொடுத்துடும். சுவர்ல கீழ் 3 அடி மட்டும் புது பெயின்ட், கதவு நிலையில அடிக்கால் மட்டும் வேற மரம், ஸ்விட்ச் பாக்ஸ் பிளேட் மட்டும் புதுசு. பிளேட்டைக் கழட்டச் சொல்லுங்க. சுவரைக் கழுவி பெயின்ட் அடிக்கிறவங்க அந்த டப்பாவுக்குள்ள இருக்கிற வண்டலைக் கழுவ மாட்டாங்க. மெல்லிய, காய்ஞ்ச சேறு மூலையில ஒட்டிக்கிட்டிருக்கும். மீட்டர் பெட்டிக்குப் பின்பக்கம், படிக்கட்டுக்கு அடியில, சுற்றுச்சுவரோட வெளிப்பக்கம் இதெல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க. சுவர்ல வெள்ளையா உப்பு பூத்திருந்தா அது தரை ஈரம் மேலே ஏறினதாலயும் இருக்கலாம், அதை மட்டும் வச்சு முடிவு கட்ட வேண்டாம். ஆனா நேர்கோடு மாதிரி ஒரே மட்டத்துல, எல்லாச் சுவர்லயும் கறை இருந்தா அது தண்ணி நின்ன கோடு.

அக்கம்பக்கத்து வீடுங்க இன்னும் நல்லாப் பேசும். தண்ணி மோட்டாரை 4 அடி மேடை கட்டி வச்சிருக்காங்களா? வாசல்ல பலகை சொருகிற மாதிரி ரெண்டு பக்கமும் காடி இருக்கா? வாசல் கேட்டோட அடிப்பகுதியை அறுத்துச் சின்னதாக்கியிருக்காங்களா? கேட்டை அறுத்திருந்தா தெரு உயர்ந்திருக்குன்னு அர்த்தம். பழைய தாரைச் சுரண்டாம மேலே மேலே போட்டுட்டே போனா, ஒவ்வொரு தடவையும் 4, 5 செ.மீ. ஏறும். அஞ்சு தடவை போட்டா வீட்டு வாசல் முக்கால் அடி இறங்கின மாதிரி.

நிலத்தடித் தொட்டியைப் பத்தியும் சொல்லிடறேன். வெள்ளம் வர்ற நேரத்துல தொட்டி காலியா இருந்தா மிதக்கப் பாக்கும். 10,000 லிட்டர் தொட்டின்னா சுத்தியுள்ள தண்ணி அதை 10 டன் விசையில மேலே தள்ளும். கான்கிரீட் எடை அதுக்கு ஈடு கொடுக்கலைன்னா தரையோட பிளந்துக்கிட்டு எழும்பும். தொட்டி மூடியைச் சுத்தித் தரையில விரிசல் இருக்கான்னு பாருங்க.

புதுக்குடி:

இருவருக்கும் நன்றி. கைபேசி வரைபடச் செயலியில் பார்த்தேன்: அ வீட்டுக்கு 14 மீட்டர், ஆ வீட்டுக்கு 12 மீட்டர் உயரம் காட்டுகிறது. இது போதுமா?

பதில் 3: வரைபடப் பித்தன்

போதாது. 2 மீட்டர் வித்தியாசம் அந்தத் தரவின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் பரவலாகப் புழங்குவது 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் 11 நாளில் அளந்தது. அதில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான், பல மீட்டர் பிழை சகஜம், மரத்தின் தலையையும் கட்டடக் கூரையையும் தரை என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் 4 அடி மண்மேட்டைப் பற்றி அதற்குத் தெரியவே தெரியாது. ஊரளவில் சரிவு எந்தப் பக்கம் என்று பார்க்க அதைப் பயன்படுத்துங்கள், இரண்டு வீட்டை ஒப்பிட வேண்டாம்.

வீட்டளவில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ரசமட்டக் குழாய்தான் நம்பகம். 15 மீட்டர் ஒளிபுகும் குழாய், தண்ணீர், இரண்டு பேர், இரண்டு அளவுகோல். இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அங்கிருந்து தரை எவ்வளவு கீழே என்று இருபுறமும் அளந்து கழித்தால் வித்தியாசம் கிடைத்துவிடும். நடுவில் ஒரு காற்றுக்குமிழி சிக்கியிருந்தால் அளவு பொய். குழாயை முழுக்கத் தொங்கவிட்டுக் குமிழி வெளியேறும்வரை தண்ணீரை ஓடவிடுங்கள். ஆரம்பிக்கும் முன் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று சோதியுங்கள். ஒரு முனையைக் கட்டைவிரலால் மூடியபடி அளந்தாலும் தப்பாகத்தான் வரும். வீட்டுத்தளம், சாலை நடு, மேன்ஹோல் மூடி, வாய்க்காலின் அடி, பக்கத்திலேயே தாழ்ந்த இடம், இந்த ஐந்தும் போதும்.

பழைய தண்ணீரைப் பார்க்க இரண்டு வழி. ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் நடத்தும் குளோபல் சர்ஃபேஸ் வாட்டர் எக்ஸ்ப்ளோரர் என்ற இணையதளம் 1984 முதலான லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு எங்கெங்கே எவ்வளவு காலம் தண்ணீர் நின்றது என்று நிறத்தில் காட்டும். 3 வருட மனைப்பிரிவு அதற்கு முன் குளமாக இருந்ததா என்பது அதில் தெரிந்துவிட வாய்ப்பு அதிகம். இன்னொன்று சென்டினல்-1, 2014-இல் ஏவிய ரேடார் செயற்கைக்கோள். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும், வெள்ளத்தன்றே எடுத்த படம்கூடக் கிடைக்கலாம். தேங்கிய தண்ணீர் கறுப்பாகத் தெரியும். கட்டடங்கள் நெருங்கிய தெருவில் எதிரொலி குழம்பி, தண்ணீர் இருந்தும் காட்டாது. வழவழப்பான தார்ச்சாலையும் ரேடார் நிழலும்கூடக் கறுப்பாகத் தெரியும். எனவே வெள்ளத்துக்கு முந்தைய படத்தில் இல்லாத கறுப்பு புதிதாக இருந்தால் பெரும்பாலும் நம்பலாம், கறுப்பு இல்லை என்பதை மட்டும் தண்ணீர் வரவில்லை என்பதற்கு ஆதாரமாக எடுக்கக் கூடாது.

தெருப்பெயரில் குளம், ஓடை, தாங்கல், பள்ளம் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். காலி மனையில் கோரையும் சம்பும் முளைத்திருந்தாலும் அப்படியே. இருக்கும் மரங்களின் அடியைப் பாருங்கள்: தரைக்கு அருகில் தண்டு அகலமாகாமல் கம்பம் நட்ட மாதிரி நேராகப் போனால் அடிமரம் மண்ணுக்குள் புதைந்திருக்கிறது, அவ்வளவு உயரத்துக்கு மண் கொட்டியிருக்கிறார்கள்.

பதில் 4: எதிர்க்கரை

மட்டப்பலகை சொன்னதில் ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. கரையோர மேடு என்றதும் அ வீட்டுக்கு மதிப்பெண் போட்டுவிடக் கூடாது. அந்த இடத்தில் ஆறு வளைகிறதா? வளைவின் வெளிப்பக்கம் என்றால் தண்ணீர் அங்கேதான் மோதி அரிக்கும், வருடாவருடம் கரை நகரும். பழைய செயற்கைக்கோள் படங்களை அடுக்கிப் பார்த்தால் 400 மீட்டர் முன்பு 450 ஆக இருந்ததா என்று தெரியும். கரைமேல் தடுப்புச்சுவர் இருக்கிறது என்றால் இன்னொரு கேள்வி: மழைத்தண்ணீர் ஆற்றுக்குள் இறங்கும் மதகை வெள்ள நேரத்தில் மூடிவிடுவார்கள், அப்போது ஊர்த்தண்ணீரை வெளியேற்ற பம்ப் இருக்கிறதா, மின்சாரம் போனால் அதற்கு ஜெனரேட்டர் இருக்கிறதா? மேலே அணை இருந்தால் உபரிநீர் திறக்கும்போது எந்தத் தெரு வரை ஏறும் என்று நீர்வளத் துறையில் கேட்க வேண்டும்.

விசாரிக்கும்போது "வெள்ளம் வருமா?" என்று கேட்காதீர்கள், விற்கப்போகிற பக்கத்து வீட்டுக்காரர் "வராது" என்றுதான் சொல்வார். வாடகைக்கு இருப்பவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்கு விலை குறையுமே என்ற பயமில்லை. எத்தனையாவது படி வரை ஏறியது, எத்தனை நாள் நின்றது, கரண்ட் எப்போது வந்தது என்று கேட்டால் கைகாட்டிச் சொல்வார்கள். காட்டிய உயரத்துக்கு மேல் 2 அடியாவது வீட்டுத்தளம் இருக்க வேண்டும்.

வெளியேறும் சாலையையும் பாருங்கள். வீடு மேட்டில் இருந்து, பிரதான சாலைக்குப் போக ஒரு தாழ்ந்த சுரங்கப்பாதைதான் வழி என்றால் அது தீவு. ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைத் தடுமாற வைக்கும், 1 அடியில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும், 2 அடியில் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும். முன்பணம் கொடுக்கும் முன் வெள்ளக் காப்பீட்டுக்கு இரு வீட்டுக்கும் தனித்தனியாகப் பிரீமியம் கேட்டு வாங்குங்கள். வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் தானாகவே அடங்கியிருக்கும் என்று நினைக்க வேண்டாம், விலக்குப் பட்டியலைப் படித்துப் பாருங்கள்.

புதுக்குடி:

இன்று குழாய் வைத்து அளந்தாயிற்று. அ வீட்டுத்தளம் சாலையைவிட 2 அடி 3 அங்குலம் மேலே, தரைத் துளை மேன்ஹோல் மூடியைவிட 1 அடி மேலே. ஆறு அங்கே நேராகத்தான் போகிறது. ஆ வீட்டில் சாலையைவிட தளம் 1 அடி மேலே, ஆனால் பின்பக்கக் குளியலறைத் துளை மூடியைவிட 5 அங்குலம் கீழே. வால்வு இல்லை. ரயில் பாதையில் ஒரே ஒரு சிறுபாலம், முக்கால்வாசி தூர்ந்திருக்கிறது.

குழாய்க்காரன்:

அந்த 5 அங்குலத்தைத் தளம் உயர்த்திச் சரி பண்ணலாம், வால்வும் போடலாம். பாலத்தை நீங்க தூர் வார முடியாது. அ வீட்டுல ஸ்விட்ச் பிளேட்டைக் கழட்டிப் பாத்தாச்சா?