கிளட்ச்சில் ஏர் ஏறினால்: நம் அனுபவங்கள்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அட்டகட்டியைத் தாண்டியதும் எங்கள் பழைய டீசல் வண்டியில் கியர் இறுக்கமாக விழ ஆரம்பித்தது. அடுத்த வளைவில் கிளட்ச் பெடல் பஞ்சு மாதிரி ஆகி, மிதித்த இடத்திலேயே படுத்துக்கொண்டது. பாதத்தை அடியில் கொடுத்துத் தூக்கினால்தான் மேலே வந்தது. ரிவர்ஸ் போட்டால் பல் உரசும் சத்தம்.

ஓரமாக நிறுத்தி பானட்டைத் திறந்தேன். கிளட்ச்சுக்கான சின்ன டப்பாவில் பிரேக் ஆயில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது, அதுவும் கறுத்துப்போய். ஆயில் குறைந்தால் அந்த இடத்தில் காற்று புகும். ஆயிலை அழுத்தினால் விசை அப்படியே கீழே, கிளட்ச்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகும். காற்றை அழுத்தினால் அது சுருங்கி விசையை விழுங்கிவிடும். கிளட்ச் முழுதாக விலகாது. அதனால்தான் அந்தச் சத்தம்.

குறைந்த ஆயில் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். பெடலுக்கு மேலே, மிதித்ததும் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் கம்பி வரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. கீழே கியர்பாக்ஸ் பக்கம் ஸ்லேவ் சிலிண்டரும் வெளியே காய்ந்துதான் தெரிந்தது. ஆனால் அதன் ரப்பர் உறையை லேசாக விலக்கியதும் உள்ளே தேங்கியிருந்த கறுப்பு ஆயில் என் மணிக்கட்டு வரை வழிந்தது. ஸ்லேவ் கப், அதாவது உள்ளே ஆயிலைக் கசியாமல் அடைக்கும் ரப்பர், போய்விட்டது. வெளியே ஈரம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள், அந்த உறையைக் கட்டாயம் விலக்கிப் பாருங்கள்.

கையிருப்பில் இருந்த பிரேக் ஆயிலை ஊற்றி, பெடலைப் பலமுறை பம்ப் அடித்ததில் ஒரு கியர் போடும் அளவுக்கு அழுத்தம் கிடைத்தது. வண்டியைத் திருப்பி இரண்டாவது கியரிலேயே கீழே இறங்கினோம். சமதளத்தில் நிற்க வேண்டி வந்தபோது என்ஜினை அணைத்து, முதல் கியரில் வைத்து, முன்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை நகர்த்தியது. கிளட்ச்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற சுவிட்ச் உள்ள வண்டிகளில் இது எளிதில் நடக்காது.

பொள்ளாச்சியில் பட்டறைக்காரர் கப்பை மாற்றிவிட்டு ஏர் எடுக்க உட்கார்ந்தார். ஸ்லேவில் காற்றை வெளியே விடும் திருகான நிப்பிளில் ஒளி ஊடுருவும் டியூப், அதன் முனை ஆயில் உள்ள பாட்டிலுக்குள். நான் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க வேண்டும். அவர் ரிங் ஸ்பேனரால் நிப்பிளைக் கால் சுற்று திறப்பார். குமிழியோடு ஆயில் வரும். மூடிவிட்டு “விடுங்க” என்பார். மூடும் முன் காலை எடுத்தால் காற்று திரும்பவும் உள்ளே போய்விடும். நடுநடுவே டப்பாவில் ஆயில் தீராமல் ஊற்ற வேண்டும்.

குமிழி நின்ற பிறகும் பெடல் பாதிதான் கெட்டிப்பட்டது. அப்போது அவர் பெரிய சிரிஞ்சில் புது ஆயிலை எடுத்து, நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே மெல்லத் தள்ளினார். மேலே டப்பாவில் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. காற்று தானாக மேலே போகப் பார்ப்பது. நாம் அதைக் கீழே இழுக்கப் போராடிக்கொண்டிருந்தோம். டப்பா நிரம்பி வழிந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

* * *

அண்ணே, சிரிஞ்ச் இல்லாவிட்டால் இன்னொரு வழி. ஸ்லேவ் வெளியே இருக்கும் வண்டிகளில், டப்பா மூடியைத் திறந்து வைத்து, ஸ்லேவின் கம்பியைக் கையால் உள்ளே நன்றாக அமுக்கி மெல்ல விடுங்கள். காற்று கொஞ்சம் கொஞ்சமாக மேலேறிப் போகும். நான் மதுரையில் எங்கள் வண்டிக்கு யார் உதவியும் இல்லாமல் இப்படித்தான் முடித்தேன். ஸ்லேவைக் கழற்றி வைத்திருக்கும்போது மட்டும் யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே தெறித்துவிடும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில், “எந்த ஆயிலும் ஒண்ணுதான் சார்” என்று சொல்லி என் நண்பர் வண்டியின் கிளட்ச் டப்பாவில் என்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். உள்ளேயிருந்த ரப்பர் கப்கள் எல்லாம் ஊதிப் பெருத்துவிட்டன. மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் எல்லாமே மாற்ற வேண்டிவந்தது. டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று பிரேக் ஆயிலின் எந்தத் தரம் போட்டிருக்கிறதோ அதையே, சீல் உடைக்காத பாட்டிலாக வாங்குங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது கணக்கு. ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 140தான். பாதி மீந்த பாட்டிலை வருஷக்கணக்கில் டிக்கியில் வைத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை.

* * *

என் காரில் ஸ்லேவ் வெளியே கிடையாது. கியர்பாக்ஸ் மூடிக்குள் தண்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் வகை. கம்பியை அமுக்கும் வேலையெல்லாம் நடக்காது. அது கசிந்தால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அதனால் இறக்கியபோதே கிளட்ச் பிளேட்டையும் சேர்த்து மாற்றிவிட்டேன், அந்தக் கூலியை இன்னொரு முறை கொடுக்க மனசில்லை.

இந்த வகை வண்டி வைத்திருப்பவர்கள் டப்பாவைப் பாருங்கள். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பாதான், கிளட்ச் குழாய் கொஞ்சம் உயரத்தில் இருக்கும். ஆயில் குறைந்தால் முதலில் கிளட்ச் போகும், பிரேக்குக்குக் கொஞ்சம் மிச்சமிருக்கும். கிளட்ச் கெட்டதும் கிளட்ச்சை மட்டும் பார்க்காமல் நாலு சக்கரத்திலும் பிரேக் கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏர் எடுக்க வேண்டும்.

* * *

பிரேக் கசிவையும் பார்க்கச் சொல்லி தம்பி சொன்னது மிகவும் சரி. என் வண்டியில் இரண்டுக்கும் தனித்தனி டப்பா, அதனால் அது தோன்றவில்லை. ஸ்லேவ் கப் மாற்றும்போதே மாஸ்டருக்கும் கிட் (உள்ளே போடும் புது ரப்பர்களின் தொகுப்பு) போடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நான் போட்டுவிட்டேன். இரண்டிலும் ஒரே வயது ரப்பர், ஒன்று போனால் மற்றது ரொம்ப நாள் தாங்காது. சிலிண்டருக்குள் விரலை விட்டுப் பாருங்கள். கோடு, துரு தட்டுப்பட்டால் கிட் வேண்டாம், முழு சிலிண்டராகவே மாற்றுங்கள்.