சிவப்பு, நீலம் மாறி மாறி வைத்தால் தொடர் அமைப்பு புரிந்துவிட்டதா?

கணக்கு டீச்சர்: ஒன்றாம் வகுப்பு ‘அமைப்புகள்’ (ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருவது) பாடத்துக்கு இரண்டு நிறப் பயிற்சித்தாளே போதும். முப்பது பிள்ளைகளிடம் புளியங்கொட்டையும் பாட்டில் மூடியும் கொடுத்தால் பாதி பீரியட் கீழே சிந்தியதைப் பொறுக்குவதிலேயே போய்விடும். சிவப்பு, நீலம் பிசகாமல் வந்த பிறகு மூன்றாவது நிறம் சேர்க்கலாம்.

மணிமாலை: அந்தத் தாளில் ‘சிவப்பு இருந்தால் மற்றதை வை’ என்ற ஒரே விதி தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் டீச்சர். திரும்பி வரும் கொத்து எது என்று பிள்ளை தேடவே வேண்டாம். இரண்டு புளியங்கொட்டை, ஒரு பாட்டில் மூடி என்று வையுங்கள். கொட்டைக்கு அடுத்து என்ன என்று சொல்ல, அதற்கு முந்தியதையும் பார்த்தாக வேண்டும்.

கணக்கு டீச்சர்: அங்கேதான் குழம்புகிறார்கள். நடுவில் மூன்று கொட்டை வந்துவிடுகிறது.

மணிமாலை: மாதிரி வரிசை எங்கே முடிந்தது என்று பாருங்கள். கொட்டை, கொட்டை, மூடி, கொட்டை என்று பாதிக் கொத்தில் நின்றால், பிள்ளை முதலிலிருந்து திரும்பத் தொடங்கும். அதனால் மூன்று கொட்டை சேர்ந்துவிடும். மூன்று முழுக் கொத்தாவது காட்டுங்கள். கொத்துகளுக்கு இடையே ஐஸ் குச்சி வைத்து, வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு குச்சியை எடுத்துவிட்டு ஐந்தாவதை மட்டும் கையால் மூடிக் கேளுங்கள். மாற்றி வைத்தே பழகிய பிள்ளை மூடி என்று சொல்லும். இருவருக்கு ஒரு கொட்டாங்குச்சியில் 8 கொட்டை, 4 மூடி போதும். சிந்தாது.

தாளக்காரன்: அதே கொத்தைக் கைதட்டு, கைதட்டு, தொடைத்தட்டு என்று மாற்றச் சொல்லுங்கள். பொருள் மாறியும் அமைப்பு நின்றால்தான் புரிந்ததாக அர்த்தம். அடுத்து ஆதி தாளம்: ஒரு தட்டு, மூன்று விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கையும் சேர்ந்து ஒரே கொத்து.

கணக்கு டீச்சர்: அப்படியானால் கோலமே போதுமே சார், எல்லா வீட்டு வாசலிலும் இருக்கிறதே?

தாளக்காரன்: வாசல் நடுவே போடும் சிக்குக் கோலத்தில் பெரும்பாலும் இருப்பது சமச்சீர். அதைத் தொடர் அமைப்பு என்று நடத்தினால் இரண்டும் குழம்பும். சுற்றி ஓடும் பார்டரை எடுங்கள், அது சரியான பாடம்.

மணிமாலை: தாமாக வடிவமைக்க வளையல் கோக்கச் சொல்லலாம். இரண்டு சிவப்பு, ஒரு நீலம் என்று 10 மணி கோத்து முடிச்சிட்டால் சேருமிடத்தில் மூன்று சிவப்பு நிற்கும். ‘ஒன்றை எடுக்கலாமா, இரண்டு சேர்க்கலாமா?’ என்று மட்டும் கேளுங்கள். 9, 12 இரண்டையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

கணக்கு டீச்சர்: வளையலைச் செய்து பார்க்கலாம். ஆனால் தாளை விடமாட்டேன், கடைசியில் கொடுப்பேன். செய்ததை வரைந்து காட்டவும் தெரிய வேண்டும்.